பதினொரு பேர் பார்த்தாச்சு

எங்கள் குழுவுக்கு எத்தனை மாடரேட்டர்கள் வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு முன்பெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்பவர்கள் பதில் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. "உங்களால முடியலைன்னா ஒதுங்கிக்கோங்க" என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள் என்று நினைப்பேன். "ஒருத்தி போதும், அந்த ஒருத்தி நான்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வேன். இன்றைக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன். அது சும்மா கிடைக்கவில்லை.

குழுவின் பெயர் 'பார்த்துக்கிறவங்க'. போனுக்குள் இருக்கும் குழு, வேறு எங்கும் அதற்கு அறையோ பலகையோ கிடையாது. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்து, அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை யார் தலையில் விழுந்ததோ அவர்களுக்கானது. சிறுநீர் பிடிக்கும் பை கசிந்தால் என்ன செய்வது, கட்டிலை விட்டு இறக்காமல் தலைக்கு எப்படிக் குளிப்பாட்டுவது, பொறுமை போய்க் கத்திவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு மாத்திரை கொடுப்பது, எல்லாம் அங்கே கேட்கலாம். ஆரம்பித்தது நான்தான். என் வீட்டுக்காரர் கட்டிடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது, வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க, இல்லேன்னா முதுகு புண்ணாயிடும்" என்றார் ஒரு நர்ஸ். எப்படித் திருப்புவது என்று நான் கேட்பதற்குள் பாவம், அவரை அடுத்த கட்டிலில் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு அன்றைக்குக் கிடைக்காத பதில் இன்னொருத்திக்குக் கிடைக்கட்டும் என்றுதான் குழுவைத் தொடங்கினேன்.

நான் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், இன்னொரு பக்கம் சூடான உருளை. ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கம் போய் வரும். அங்கே சுருக்கம் விழுந்தால் சூப்பர்வைசர் நாலு வார்த்தை கேட்பார். வீட்டில் அதே சுருக்கம் விழுந்தால் என் வீட்டுக்காரர் முதுகில் சிவப்பாகக் கோடு போட்டுவிடும். அதனால் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடுவது எனக்குக் கைப்பழக்கம். குழுவில் எல்லோரும் என்னை லாண்டரி அக்கா என்பார்கள்.

மாடரேட்டர் வேலையில் மாலை மரியாதை ஒன்றும் கிடையாது. ஒரே வாரத்தில் எழுந்து நடக்க வைக்கிறேன் என்று எண்ணெய் விற்க வருபவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும். தெரியாத மருந்தைத் தெரிந்த மாதிரி சொல்பவர்களை நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் விட, யாராவது ஒருவர் "இன்னைக்கு என்னால முடியல" என்று ஒரே வரி எழுதிவிட்டு மௌனமானால், அவரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். முதலில் நான் மட்டும் இருந்தேன். அப்புறம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் கணக்கு டீச்சரும், மனைவியைப் பார்த்துக்கொள்ளும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். டீச்சர் வந்த அன்றே, மாடரேட்டர் என்று சொல்லக் கூடாது, மட்டுறுத்துநர் என்று சொல்ல வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எண்ணெய் விக்கிறவன் வித்துட்டுப் போயிடுவான்" என்றார். அத்தோடு அந்த வார்த்தை போயிற்று.

மூன்று பேரானதும் ஒரு தொல்லை வந்தது. ஒரே ஆளுக்கு மூன்று பேரும் தனித்தனியாகப் பதில் எழுதினோம். அதைத் தவிர்க்க ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எவர் ஒரு பதிவைப் படித்து ஆக வேண்டியதைச் செய்கிறாரோ, அவர் அதன் கீழே 'பார்த்தாச்சு' என்று ஒரு வார்த்தை போட வேண்டும். மற்ற இரண்டு பேரும் அடுத்ததற்குப் போய்விடலாம். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்ததும் நான்தான். ரொம்ப நன்றாக வேலை செய்தது. மூன்று பேர்தானே, டீச்சரின் பார்த்தாச்சு எது, மருந்துக்கடைக்காரரின் பார்த்தாச்சு எது என்று எனக்கு மனதுக்குள் தெரியும்.

ஆள் கூடக் கூட, மாடரேட்டர் பற்றாது என்ற சண்டை ஆரம்பித்தது. டீச்சர் ஒரு கணக்கோடு வந்தார். இத்தனை நூறு உறுப்பினருக்கு ஒரு மாடரேட்டர், அப்படிப் பார்த்தால் நமக்குப் பதினொன்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் வந்தால் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தச் சமயத்தில் எனக்கே உடம்பு சரியில்லாமல் போனதால் பிடி தளர்ந்தது. பதினொரு பேர் ஆனோம். பார்த்தாச்சு, பார்த்தாச்சு என்று ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் வரிசையாக விழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போகப் போக அது வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' சொல்கிற மாதிரி ஆகிவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒருவர் இருந்தார். மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சந்தேகம். மனிதர் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பார். வெந்நீர் என்று எழுதினால் எவ்வளவு சூடு என்பார், ஓரமாகப் படுக்க வையுங்கள் என்றால் எந்த ஓரம் என்பார். மாடரேட்டர் ஆகிறேன் என்று கேட்டார், நான் மறுத்துவிட்டேன். பார்த்தாச்சு என்று இருக்கும் இடத்திலெல்லாம் கீழே போய், "யார் பார்த்தது? பார்த்து என்ன செஞ்சீங்க?" என்று எழுத ஆரம்பித்தார். எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது. நாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை செய்கிறோம், இவர் வந்து விசாரணைக் கமிஷன் வைக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் எதையும் எழுத முடியாதபடி வாயைக் கட்டிவிட்டேன். படிக்கலாம், எழுத முடியாது.

"பாவம், கேள்விதானே கேட்டார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. அவரை வெச்சுக்கிட்டு யார் உயிர் வாழறது?"

இனி என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. டாக்டர் இரண்டு முறை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார், இரண்டு முறையும் நான் தள்ளிப்போட்டேன். கடைசியாக உருளைக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் இருட்டி விழுந்தேன். நல்லவேளையாக விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டாள். டாக்டர் இந்த முறை கோபமாகவே பேசினார். திங்கட்கிழமை செய்தாக வேண்டும், நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில், அப்புறம் ஆறு வாரம் எந்தப் பாரமும் தூக்கக் கூடாது. "பாரம்னா உங்க வீட்டுக்காரரும் பாரம்தான்மா" என்றார்.

என் நாத்தனார் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவளுக்குக் காய்ச்சல் வந்து அவளையே பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. நான் வேலைக்குப் போகும் நேரத்துக்கு வரும் பக்கத்து வீட்டு அம்மா நான் திரும்பியதும் போய்விடுவார். அவருக்குத் தனியாக ஆளைத் திருப்பும் தெம்பு கிடையாது, தெருவில் யாரையாவது கைகொடுக்கக் கூப்பிட்டுத்தான் திருப்புவார். எனக்கு ஆபரேஷன் பயம் துளியும் இல்லை. பயமெல்லாம் அந்த முதுகைப் பற்றித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு புண் விடாமல் காப்பாற்றி வைத்த முதுகு. இரண்டு நாள் யாராவது ஏனோதானோ என்று பார்த்தால் போதும், தோல் விட்டுவிடும். ஒரு முறை விட்டால் அது ஆறுவதற்குள் காய்ச்சல், சீழ், ஆஸ்பத்திரி. குழுவில் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

"குழுவுல கேளேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நானா?"

"ஊருக்கெல்லாம் 'கூச்சப்படாம கேளுங்க'ன்னு எழுதறவதானே நீ."

செவ்வாய்க்கிழமை எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். எந்தப் பகுதியில் வீடு, என்ன ஆபரேஷன், என்ன உதவி வேண்டும் என்று எல்லாம் போட்டேன். கடைசியில், 'நான் இதுவரைக்கும் எனக்காக எதுவும் கேட்டதில்லை' என்று எழுதி, அது தம்பட்டம் மாதிரி இருக்கிறதே என்று அதை மட்டும் எடுத்துவிட்டேன்.

அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கீழே விழுந்தது: பார்த்தாச்சு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கும்போது என்னைத் தவிர இருந்த பத்து பேரும் போட்டிருந்தார்கள். பதினொன்றாவதாக, பழக்கதோஷத்தில் நானே என் பதிவுக்குப் பார்த்தாச்சு என்று போட்டிருந்தேன். அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் தலையணை நழுவியது.

புதன்கிழமை யாரும் போன் செய்யவில்லை. வியாழக்கிழமை செய்யவில்லை. குழுவில் மற்ற பதிவுகள் வழக்கம்போல ஓடின. யாரோ ஒருவருக்குச் சக்கர நாற்காலியின் பிரேக் பற்றி டீச்சர் இவ்வளவு நீளத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இவர்களில் எத்தனை பேருக்கு நான் விடிய விடியப் பேசியிருப்பேன்.

"நீயே டீச்சருக்குப் போன் போட்டுக் கேளு" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு தடவை கேட்டாச்சு. படிச்சாச்சு. வேணாம்னு முடிவும் பண்ணியாச்சு. ரெண்டாவது தடவை போய்க் கையேந்த என்னால முடியாது."

"அப்போ ஆபரேஷன்?"

"தள்ளிப் போட்டுக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. "என்னை ஏதாவது பராமரிப்பு விடுதியில போட்டுடு" என்றார். "புண் வந்தா வரட்டும். நீ உருளைக்குள்ள விழுந்து எரிஞ்சு போனா எனக்கு யாரு இருக்கா?" அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.  நேரமாகிவிட்டது என்று அவரைத் திருப்பிப் போட்டேன். என் அடிவயிற்றில் யாரோ கையை விட்டுப் பிழிகிற மாதிரி வலித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேனா இல்லையா என்று ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். மதிய இடைவேளையில் அழுக்கு விரிப்பு வண்டிகள் நிற்கும் மூலையில் உட்கார்ந்து போன் செய்தேன். வரவில்லை என்று சொல்லத்தான். "லைன்லயே இருங்கம்மா" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு ஏதோ பாட்டைப் போட்டுவிட்டுப் போனாள். காத்திருக்கும்போது போன் அதிர்ந்தது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

என் பதிவுக்குக் கீழே, பதினொரு பார்த்தாச்சுகளுக்கும் கீழே, சந்தேகம் எழுதியிருந்தார். அன்றைக்குத்தான் அவர் வாய்க்கட்டு அவிழ்ந்த நாள்.

'யார் பார்த்தது? பேர் சொல்லுங்க. லாண்டரி அக்காகிட்ட யார் பேசினீங்க? திங்கட்கிழமை ராத்திரி அண்ணன்கூட இருக்கப்போறது யார்?'

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பழைய கோபம்தான். ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.  பிறகு டீச்சர் எழுதினார்: 'நான் பார்த்தேன். மருந்துக்கடை அண்ணன் வீடு கிட்ட, அவர் போயிருப்பார்னு நினைச்சேன்.'

மருந்துக்கடைக்காரர்: 'நான் பார்த்தேன். பெண்கள் விஷயம், டீச்சர் பேசியிருப்பாங்கன்னு ஒதுங்கிட்டேன்.'

இன்னொருவர்: 'நானும் பார்த்தேன். அக்காவுக்கு இந்நேரம் நூறு பேர் போன் பண்ணியிருப்பாங்க, நான் வேற எதுக்குத் தொல்லைன்னு விட்டுட்டேன்.'

ஒவ்வொருவராக வந்து ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக வந்தவர் நேர்மையானவர். 'நான் படிக்கவே இல்லை. மேலே ஒன்பது பேர் போட்டிருந்தாங்க, நானும் போட்டேன். மன்னிச்சிடுங்க அக்கா.'

அழுக்கு விரிப்பு மூட்டையின் மேல் சாய்ந்து நான் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. யாரும் என்னைக் கைவிடவில்லை. பத்து பேரும், இன்னொருவர் என் பக்கத்தில் நிற்கிறார் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். மற்ற உறுப்பினர்களோ, பதினொரு பேர் பார்த்த பிறகு நாம் எதற்கு என்று இருந்திருக்கிறார்கள். பார்த்தாச்சு என்ற வார்த்தைக்குள் ஆளே கிடையாது. பார்த்தேன் என்றால் அதற்குள் ஒருத்தி நிற்கிறாள். ஆள் இல்லாத ஒரு வார்த்தையை நானே கண்டுபிடித்து, நானே எல்லோர் கையிலும் கொடுத்து, அதிலேயே நானும் மாட்டிக்கொண்டேன்.

சந்தேகம் அடுத்து எழுதினார்: 'மாமியாரை என் மனைவி பார்த்துக்குவா. நாலு ராத்திரியும் நான் போறேன். பகலுக்கு யார்? பேரோட சொல்லுங்க.'

'செவ்வாய் மதியத்துக்கு மேல நான்' என்றார் டீச்சர்.

அதற்குள் காதில் பாட்டு நின்று அந்தப் பெண் திரும்பி வந்தாள். "சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கத்தான்."

சனிக்கிழமை சந்தேகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். குழுவில் படித்த கேள்விகளை வைத்து நான் ஒல்லியாக, கண்ணாடி போட்ட, சிடுமூஞ்சி ஆளைக் கற்பனை செய்திருந்தேன். வந்தவர் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைக் கழுவ எங்கே இடம் என்று கேட்டு, கழுவிவிட்டுத்தான் அறைக்குள் வந்தார். வந்த நிமிஷத்திலிருந்து கேள்வி. திருப்பும்போது முதலில் தோளா, இடுப்பா? முழங்காலுக்கு நடுவில் தலையணை எவ்வளவு உயரம்? குதிகால் மெத்தையில் படலாமா, கூடாதா? கூடாது என்றேன். கூடாது என்றால் ஒரு விரல் உயரமா, இரண்டு விரலா?

"ஏம்மா, இவர் என்னை நாளைக்கே நடக்க வெச்சுடுவார் போல" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் எல்லாவற்றையும் செய்து காட்டினேன். பிறகு அவர் செய்து காட்டும்போது அவர் கையைப் பார்த்தேன். பெரிய கை, ஆனால் தோலை இழுக்காமல் ஆளைத் தூக்கியது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"உங்க வாயைக் கட்டிப்போட்டேன். தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதுல வருத்தமில்லக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும்னு போட்டிருந்தீங்க. வெள்ளிக்கிழமை காலையிலயா, சாயங்காலமான்னு போடலை. காலையிலேர்ந்து தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அப்படி என்னங்க உங்களுக்கு, யார் யார்னு கேக்கற வியாதி?"

"வேலை அப்படி. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி மேல இருக்கறவன் கரண்டை நிறுத்தணும். ஒரு தடவை 'நிறுத்தியாச்சு'ன்னு குரல் கேட்டு இறங்கிட்டேன். மேல மூணு பேர். ஆளுக்கு ஆள் அடுத்தவன் நிறுத்தினான்னு நினைச்சு மூணு பேருமே நிறுத்தியாச்சுன்னு கத்தியிருக்கானுங்க. நல்லவேளை, செருப்பு மட்டும்தான் போச்சு."

என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்தவர். அவர் இந்தக் கதைக்குச் சிரிக்கவில்லை. கொஞ்சம் அசையும் தன் வலது கையைச் சந்தேகத்தின் பக்கம் நீட்டினார். சந்தேகம் அதைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையில எவ்வளவு தூரம் உணர்ச்சி இருக்கு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை டீச்சர்தான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு சக்கரக் கட்டிலில் காத்திருக்கும்போது, பயத்தை மறக்க வைப்பதற்காகவோ என்னவோ, அவர் பழைய பேச்சை எடுத்தார். "அப்போ கடைசியா எத்தனை பேர்தான் வேணும்கிறீங்க? பதினொண்ணு அதிகம்னா அஞ்சா, மூணா?"

"எத்தனை பேரை வேணும்னாலும் வெச்சுக்குங்க டீச்சர். ஐம்பது பேர்கூட இருக்கட்டும். அந்தந்த வேளைக்கு ஒரே ஒருத்தர். அவர் பேர் எல்லாருக்கும் தெரியணும். எழுதினா 'நான் பார்த்துக்கறேன்'னு எழுதணும். சந்தேகத்தை மாடரேட்டர் ஆக்கிடுங்க."

"அவரை வெச்சுக்கிட்டு யார் உயிர் வாழறதுன்னு நீங்க கேட்டதா அண்ணன் சொன்னாரே?"

"நான்தான் வாழப்போறேன்" என்றேன். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மயக்கம் தெளிந்து ராத்திரி கண் திறந்தபோது வயிற்றில் பாறாங்கல் வைத்த மாதிரி இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சைகை காட்டி மேசை மேலிருந்த போனை எடுத்துத் தரச் சொன்னேன். வரிசையாகச் செய்தி இருந்தது. 'இடது பக்கம் திருப்பினேன். பக்கத்து வீட்டு அம்மா காலைப் பிடிச்சாங்க. மருந்துக்கடை.' 'ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா இங்க வந்துட்டேன். வலது பக்கம் திருப்பினேன். பை மாத்தினேன். டீச்சர்.' 'இடது பக்கம். நான் திருப்பினேன். லிஃப்ட். அண்ணன் என்னை நல்லாத் திட்டறார், உடம்புக்கு ஒண்ணுமில்ல.' அந்த நாலு நாளும் எனக்கு வலி மாத்திரையைவிட அதுதான் மருந்து. ஒரு செய்தி வந்ததும் அடுத்தது வரும்வரை கண்ணை மூடுவேன். சரியாக வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நேராக அவர் அறைக்குள் போனேன். டீச்சர் உட்காரச் சொன்னார், நான் கேட்கவில்லை. சந்தேகம் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "திருப்புங்க, நான் பார்க்கணும்" என்றேன். நல்லா இருக்கீங்களா என்றுகூட நான் என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், முதலில் முதுகு.

சட்டையைத் தூக்கினார்கள். தோள்பட்டை எலும்பு, முதுகெலும்பின் அடி, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால். குனிய முடியாததால் ஒவ்வொரு இடத்தையும் போனின் வெளிச்சத்தை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை. ஒரு கோடு இல்லை. நான் விட்டுப் போனபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது என்றே சொல்வேன்.

"என்ன தேடறே? ஒண்ணும் கிடைக்காது" என்றார் என் வீட்டுக்காரர், முகம் சுவரைப் பார்த்தபடி. "மனுஷன் என்னைத் தூங்கவே விடலை."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "பவுடர் கொஞ்சம் அதிகம்" என்றேன்.  என் கை அந்த முதுகின் மேலேயே இருந்தது, எடுக்க மனம் வரவில்லை. முன்பின் தெரியாத எத்தனை பேர் கை அதில் பட்டிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்தவர்கள் இல்லை, உறவு என்று செய்தவர்களும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு முதுகு இருக்கிறது, அதை இன்னொருவரிடம் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள்.

டீச்சர் என்னைப் பக்கத்து அறையில் படுக்க வைத்தார். வீட்டுக்காரருக்கு மாத்திரை, அடுத்த வேளை என்று நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். "சாயங்காலம் வரைக்கும் நான் இருக்கேன். ஆறு வாரத்துக்கும் எந்த வேளைக்கு யார்னு பேர் எழுதி வெச்சாச்சு" என்றார் டீச்சர். சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் மூடினேன்.

நாலு வருஷமாக என் உடம்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. யாரும் எழுப்ப வேண்டாம், தானாக விழிப்பு வரும். பஸ்ஸில் தூங்கினால்கூட வரும். அன்றைக்கு வரவில்லை. கண் திறந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. எழுந்து, வயிறு இழுக்க இழுக்க வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவர் மறு பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், முழங்காலுக்கு நடுவில் தலையணையோடு. டீச்சர் நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எழுப்பக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர். "போ, இன்னும் கொஞ்சம் தூங்கு."

நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் தலையணையில் முகத்தை வைத்து ஆசை தீர அழுதேன். அழுதுகொண்டே மறுபடி தூங்கிப்போனேன்.